சிவக்காத இறக்கை

அதிகம் பேசாதவர்களைப் பற்றி உலகம் ஒரு பிழையான கருத்தை வைத்திருக்கிறது: அவர்கள் எண்ணிப் பேசுவார்களாம். நானோ, நாளெல்லாம் எண்ணிவிட்டு, பேசக்கூடாத வேளையாகப் பார்த்துப் பேசுகிறவள்.

அந்த விடுமுறைக்குக் கல்லூரியிலிருந்து எங்கள் தோட்டத்து வீட்டுக்குத் திரும்பியபோது, புழுவை வளர்த்து வண்ணத்துப்பூச்சியாக்கும் ஆசையும் என்னோடு வந்து இறங்கியது. விலங்கியல் பயிலும் தோழி ஒருத்தி விடுதியில் வலைக் கூண்டு வைத்து வளர்த்தாள். அவளால் முடிவது இலக்கிய மாணவியால் முடியாதா? (முடியாது. அது பின்னால் தெரிந்தது.)

மண்ணெண்ணெய் டின்கள் வந்த பலகைப் பெட்டி ஒன்றின் பக்கங்களைப் பெயர்த்தேன். கொசுவலையை வெட்டிச் சட்டத்தின் மேல் இழுத்து ஆணி அடித்தேன். அம்மா எட்டிப் பார்த்தாள்.

"ஏங்கண்ணு, கொசுவுக்கு ஊடு கட்டறயா?"

"வண்ணத்துப்பூச்சிக்கும்மா."

"அப்பக் கொசுவெல்லாம் எங்கெ போகும்? நம்மகிட்டத்தான்."

எல்லாப் பக்கமும் அடைத்த பிறகே, கதவு வைக்க மறந்தது புலப்பட்டது. வலையில் ஒரு வட்டம் வெட்டி, அப்பாவின் பழைய சட்டைக் கையை அதில் தைத்தேன். அதன் வழியே இரை வைத்துவிட்டு நுனியைக் கயிற்றால் கட்டிவிடலாம். தொலைவிலிருந்து பார்த்தால், அப்பாவே பெட்டிக்குள் சிக்கிக் கைநீட்டி உதவி கேட்பது போலிருந்தது.

புழுக்கள் எங்கள் பருத்திக் காட்டிலேயே கிடைத்தன. காய்க்குள் சுருண்டு கிடந்த ரோஜா நிறப் புழுக்கள்! இவற்றிலிருந்து எத்தகைய செஞ்சிறகு விரியும் என்று மயங்கினேன். இலை போட்டேன், தொடவில்லை. அப்பாவின் செடிகளிலிருந்து நல்ல காய்களாகப் பறித்துப் போட்டேன், துளைத்துக் குடிபுகுந்தன.

அதே நாட்களில் அப்பா வேறொன்றுக்காகத் தவித்துக்கொண்டிருந்தார். விவசாய இலாகா எங்கள் ஊரில் ஒரே ஒரு காட்டை, நல்ல விலை கொடுத்து விதைக்கு வாங்கும் விதைப் பருத்திக்காகத் தேர்ந்தெடுக்கவிருந்தது. போட்டியில் மிஞ்சியிருந்தவர்கள் இருவர்: ஒருவர் அப்பா, மற்றவர், வரப்புத் தகராறில் அவரோடு பேச்சை விட்ட எங்கள் பங்காளி. காய்ப்புழு இல்லாத காடாக இருக்கவேண்டும் என்பதே நிபந்தனை. (காய்ப்புழு என்பது கறுத்து, மயிர் சிலிர்த்து, அரக்கத் தோற்றத்தோடு இருக்கும் என்பது அன்றைய என் துணிபு.)

ஒருநாள் கூண்டில் பூச்சிகள் வெளிப்பட்டன. சாம்பல் நிறம்; நெல்மணிக்கு இறக்கை முளைத்தாற்போன்ற உருவம். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வெயில் பட்டால் சிவக்குமோ என்று முற்றத்தில் வைத்தேன். மூலையில் ஒதுங்கின. நிழலில் வைத்தேன். அப்போதும் சாம்பல்தான். புழு தவறா, வலை தவறா, நானே தவறா?

இந்தக் குழப்பம் முற்றியிருந்த நாளில்தான் இலாகா அதிகாரி வந்தார். காட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு மோர் அருந்திக்கொண்டிருந்தார்.

"நம்ம காட்டுல காய்ப்புழுங்கற பேச்சே கெடையாதுங்க," என்றார் அப்பா. "நான் கண்ணால பார்த்ததில்லீங்க."

"நான் பார்த்தவரையில் சுத்தமாகத்தான் இருக்கிறது. உங்களுக்கே எழுதிவிடலாம்."

கதவுக்குப் பின்னால் நின்ற எனக்குத் தோன்றியது ஒன்றே: பூச்சிகளை அறிந்த ஒருவர் வீடு தேடி வந்திருக்கிறார். இரு கைகளாலும் கூண்டை ஏந்திக்கொண்டு அவர் முன் போய் நின்றேன்.

"ஏனுங்க, ஒரு சந்தேகமுங்க. இதுக்கு இறக்கை எப்பச் செவக்குமுங்க?"

அவர் கண்கள் விரிந்தன. வியப்பென்று எண்ணி மகிழ்ந்தேன்.

"எங்கே பிடித்ததம்மா?"

துல்லியமாக விடை சொல்வது என் வழக்கம். "நம்ம காட்டுலதானுங்க. கெணத்துக்குக் கெழக்கால, புளியமர நெழலு உழுகற எடத்துலீங்க. இன்னும் நெறையா இருக்குதுங்க."

"இது சிவக்காதம்மா. காய்ப்புழுவிலிருந்து வரும் அந்துப்பூச்சி இது."

அப்பா கூண்டை நெடுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: "அது என்ற சட்டைக் கையில்ல?"

விதைப் பருத்தி பங்காளிக்குப் போயிற்று. அதிகாரி கூண்டின் வேலைப்பாட்டை மிகவும் மெச்சி, அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார். (நான் பெற்றது பாராட்டா, தண்டனையா? இன்றும் விளங்கவில்லை.) அவருடைய வண்டி நகர்ந்தபோது, அப்பாவின் சட்டைக் கை வெளியே தொங்கி, எங்களுக்கு விடைகொடுப்பது போல ஆடிக்கொண்டே போனது.

அன்றுமுதல் எங்கள் வீட்டுக்கு வரும் எந்த விருந்தாளியும் இந்தக் கதையைக் கேட்காமல் திரும்பியதில்லை. சென்ற மாதம் என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள், தலைகுனிந்து நின்ற என்னைக் கண்டு, "பொண்ணு வாயே தொறக்காதுங்களா?" என்று கவலையோடு கேட்டார்கள்.

"தொறக்குமுங்க," என்றார் அப்பா. "ஒருக்காத் தொறந்துச்சு. வெதைப் பருத்தி பங்காளி ஊட்டுக்குப் போயிருச்சுங்க."