சுண்ணாம்பும் என் கம்பிவேலியும்

என்னை எதிர்த்து ஜெயித்த ஆள் இந்த ஜில்லாவிலேயே ஒருத்தன்தான். அவன் வக்கீல் இல்லை, அரசியல்வாதி இல்லை. கையில் ஒரு சுண்ணாம்பு வாளியும் தேய்ந்த பிரஷ்ஷும் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் காடு, உப்பங்கழி என்று சுற்றுகிற மனுஷன். ஆத்தூரிலிருந்து ஆறு கடலில் விழுகிற இடம் வரைக்கும் அவனுக்குச் சுண்ணாம்பு என்றுதான் பெயர். ரேஷன் கார்டில் வேறு ஏதோ இருக்குமாம். எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் இஷ்டமில்லை.

நான் எப்பேர்ப்பட்டவன் என்று சொன்னால்தான் நடந்த அநியாயம் உங்களுக்குப் புரியும். அஞ்சாம் வகுப்போடு படிப்பு முடிந்தது, தலையில் கருவாட்டுக் கூடை ஏறியது. கடற்கரையிலிருந்து கழி ஓரமாக வந்து, முள் நிறைந்த உடைமரக் காட்டுக்குள் புகுந்து, ஆற்றங்கரையைப் பிடித்து ஆத்தூர் சந்தைக்குப் போக வேண்டும். வெறுங்கால். கூடையிலிருந்து உப்புத் தண்ணீர் கழுத்தில் வடியும். அப்படி நடந்தவன் இன்றைக்கு இரண்டு ஐஸ் கம்பெனிக்கு முதலாளி. நான் நடந்த அதே ஆற்றங்கரையில் வாழைத்தோப்பு வாங்கிப் போட்டிருக்கிறேன். இந்தக் கதையைக் கல்யாண வீட்டில் சொல்லியிருக்கிறேன். கோயில் அசன விருந்தில் சோறு ஆறுகிற வரைக்கும் சொல்லியிருக்கிறேன். பல் பிடுங்கப் போன இடத்தில் வாயில் பஞ்சோடு சொல்லியிருக்கிறேன்.

சுண்ணாம்பு அப்படியா? துறைமுகத்தில் முப்பது வருஷம் கிரேன் ஓட்டியவன். உட்கார்ந்தே சம்பாதித்தவன். ரிட்டயர் ஆன மறுநாள்தான் தனக்குக் கால் இருக்கிற விஷயமே அவனுக்குத் தெரிந்திருக்கிறது. சரி, தெரிந்ததே, தன்பாட்டுக்கு நடந்துவிட்டுப் போகக் கூடாதா? ஒரு கூட்டத்தையே கூட்டிக்கொண்டு நடந்தான். பாங்கில் வேலை பார்க்கிற ஒரு அம்மா, காலேஜ் பிள்ளைகள், ரெண்டு கன்னியாஸ்திரீகள் என்று இருபது பேர் தூத்துக்குடியிலிருந்து காரில் வந்து இறங்குவார்கள். எதற்கு? நடக்க! பஸ்ஸுக்குக் காசில்லாமல் நான் நடந்த வழியில், இவர்கள் பெட்ரோல் போட்டு வந்து நடக்கிறார்கள். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவன் அதிகாரம் வேறு தாங்காது. கழியோரத்தில் ஒரு பையன் செல்பி எடுக்கப் போனைத் தூக்கியிருக்கிறான்.

"ஏலே, உன் மூஞ்சியைப் பாக்கவா இம்புட்டுத் தூரம் வந்தே? அது உங்க வீட்டுக் கண்ணாடியிலயே இருக்குல்லா. அங்கன மீன்கொத்தியைப் பாரு."

"இன்னும் எவ்வளவு தூரம் சார்?" என்று பாங்கு அம்மா கேட்டால், "தூரத்தைக் கேட்டா கால் வலிக்கும். நண்டைப் பாருங்கம்மா" என்பான்.

கூட்டம் வழி தவறக் கூடாது என்று மரத்துக்கு மரம் வெள்ளைக் கோடு போட்டான் பாருங்கள், அங்கேதான் வினை பிடித்தது. நம்ம பக்கம் மரத்தில் வெள்ளைக் கோடு விழுந்தால் என்ன அர்த்தம்? ரோடு வருகிறது, நிலம் எடுக்கப் போகிறார்கள். முதல் நாள் டீக்கடையில் நாலு வழிச்சாலை என்றார்கள். மூன்றாம் நாள் அது எட்டு வழியாகிவிட்டது. பக்கத்துத் தரிசுக்காரர் ராவோடு ராவாகத் தென்னங்கன்று நட்டார். நான் அவரைவிட விவரமானவன். என் தோப்பில் கோடு விழுந்த இடத்தில் சிமெண்டில் ஒரு பம்பு ரூம் கட்டினேன். கட்டடம் இருந்தால் நஷ்டஈடு கூடும் அல்லவா? உள்ளே பம்பு கிடையாது. கதவுக்குப் பச்சை பெயிண்ட் அடித்துக்கொண்டிருக்கும்போது அந்த இருபது பேரும் வந்து நின்றார்கள்.

"ரொம்ப உபகாரம் அண்ணாச்சி" என்றான் சுண்ணாம்பு. "வெயிலுக்கு ஒதுங்க ஒரு இடம் இல்லையேன்னு போன வாரம்தான் பேசிக்கிட்டோம்."

"யாருவே நீரு? சர்வேகாரரா?"

"இல்ல அண்ணாச்சி. சும்மா நடக்கவன்."

"அப்போ மரத்துல இந்தக் கோடு?"

"வழி தெரியணும்லா, நான்தான் போட்டேன்."

அவர்கள் என் பம்பு ரூம் நிழலில் வரிசையாக உட்கார்ந்து சுண்டல் தின்றார்கள். ஒரு கன்னியாஸ்திரீ எனக்கும் ஒரு பொட்டலம் கொடுத்தார். தின்றேன். மறுநாளே தோப்பைச் சுற்றிக் கம்பிவேலி போட்டேன்.

என் தோப்பை அடைத்தால் ஆற்றுக்கும் கழிக்கும் நடுவில் வேறு வழி கிடையாது. லாரி ஓடுகிற மெயின் ரோட்டில்தான் சுற்ற வேண்டும். அது எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் போட்டேன். கோரை அறுக்கப் போகிற பெண்கள் வந்து கேட்டார்கள், முடியாது என்றேன். கடைசியில் சுண்ணாம்பு தனியாக, வாளி இல்லாமல் வீட்டுக்கு வந்தான்.

"அண்ணாச்சி, முப்பது வருஷம் கிரேன் மேலேயே கிடந்தேன். அங்கன இருந்து பாத்தா இந்தப் பக்கம் தூரத்துல ஒரு பச்சைக் கோடுதான் தெரியும். இப்பதான் அதுக்குள்ள கால் வச்சுப் பாக்கேன். இந்த ஒரு துண்டை அடைச்சுட்டீங்கன்னா எல்லாம் போச்சு."

"பாக்கணும்னா திரும்பக் கிரேன்ல ஏறும்வே" என்றேன். திரும்பிப் போய்விட்டான்.

போனவன் சும்மா இருந்தானா? வேலிக்கு வெளியே சேற்றில் இறங்கிக் கூட்டத்தைக் கொண்டுபோனான். பாங்கு அம்மாவின் ஒரு ஷூவைச் சேறு வாங்கிக்கொண்டது. அந்த அம்மா ஒற்றைக் காலில் நின்று போட்ட சத்தத்துக்கு என் வாழைக்குலையெல்லாம் ஆடியது. அன்றைக்கே எல்லாரும் கையெழுத்துப் போட்டு, மறுநாள் தாலுகா ஆபீசில் மனுக் கொடுத்துவிட்டார்கள், பொதுவழியை நான் அடைத்தேன் என்று.

விசாரணைக்கு வருவாய்த் துறையிலிருந்து ஒரு சின்ன வயசு அம்மா வந்தார். வேலி ஓரத்தில் நாற்காலி போட்டோம். ஊரே கூடிவிட்டது. நான் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். சுண்ணாம்பு கையில் ஒரு தாள்கூட இல்லை.

"இது காலங்காலமா ஜனங்க நடந்த வழின்னு சொல்றீங்க. பழைய சாட்சி யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார் அந்த அம்மா.

"இருக்காக மேடம். அண்ணாச்சிதான்" என்று என்னைக் காட்டினான்.

சொன்னதோடு விட்டானா? என் கதையை ஆரம்பித்தான். வெறுங்கால், கருவாட்டுக் கூடை, கழுத்தில் உப்புத் தண்ணீர், ஒன்றையும் விடவில்லை. எந்த அசனத்தில் எனக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தானோ, பாவி. ஊர்க்காரர்கள் அடுத்த வரியைத் தாங்களே எடுத்துக் கொடுத்தார்கள்.

"அண்ணாச்சி, நீங்களே சொல்லுங்க. இந்த வழியா நடந்தீங்களா, இல்லையா?"

ஒரு வார்த்தை, 'இல்லை' என்றால் தோப்பு முழுசாக எனக்கு. வாயைத் திறந்தேன். வரவில்லை. அந்த வழியில் நான் நடக்கவில்லை என்றால் பிறகு நான் யார்? அப்பன் சொத்தில் உட்கார்ந்து தின்ற எத்தனையோ பேரில் ஒருத்தனா?

"நடந்தேம்மா" என்றேன். "தினம் ரெண்டு நடை." அதோடு நிறுத்தியிருக்கலாம். எந்த இடத்தில் கூடையை இறக்கி வைப்பேன், எந்த உடைமரத்தில் முள் எடுப்பேன் என்று அரைமணி நேரம் நடந்தே காட்டினேன். அந்த அம்மா பின்னாலேயே வந்து எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டார். எனக்குத் தப்பில்லாமல் எழுத வருகிறது அது ஒன்றுதான். அழகாகவே போட்டேன்.

வேலியை நானே பிடுங்கினேன். அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை, தீராது. இப்போது அதற்கு மேல் ஒன்று. போன மாதம் சுண்ணாம்புக்கு முழங்கால் ஆபரேஷன். மூன்று மாதம் வெளியே இறங்கக் கூடாதாம். என்னை வழி திறக்க வைத்துவிட்டு ஒரு மனுஷன் கட்டிலில் படுத்துக் கிடக்கலாமா? நேரே அவன் வீட்டுக்குப் போய்க் கேட்டேன்.

"அண்ணாச்சி, கழியில பூநாரை வந்துட்டா?" என்றான்.

"உமக்குக் கொக்கு எண்ணவா என்னைப் பெத்தாக?" என்று கத்திவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் விடியக் காலையிலேயே போனேன். பூநாரை வந்திருந்தது. அங்கே நின்றபடியே போன் போட்டேன்.

"நூத்திப் பன்னெண்டுவே. என் கண்ணு சரியில்ல, ரெண்டு முன்னப்பின்ன இருக்கும். சீக்கிரம் எந்திச்சு வந்து நீரே எண்ணும்."