விலாங்கு வந்தது ரொட்டிக்கு அல்ல

மவுண்ட் ஆல்பர்ட், ஆக்லாந்து
22 ஜனவரி 2026

திரு. வெற்றிச்செல்வன், ஆல்பனி.

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். இவ்விடம் நானும் தங்கள் தமக்கை பூங்கோதையும் மகள் மஹதியும் நலம். அவ்விடத்து நலத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நாளொன்றுக்கு ஒன்பது படங்கள் வீதம் தாங்களே அறிவித்து வருவதால் தனியே விசாரிக்கவில்லை. இதைத் தபாலில் அனுப்புவதற்குக் காரணம் உண்டு. வாட்ஸ்அப்பில் எழுதினால் ஒரு கட்டைவிரலைக் காட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவீர்கள். காகிதத்தில் அந்த வசதி இல்லை.

பொருளுக்கு வருகிறேன். சென்ற ஞாயிறு, தை அமாவாசையன்று, நாம் கூடாரமிட்டுத் தங்கியிருந்த பூங்காவின் குளக்கரையில் நடந்ததைக் காணொளியாக அறுபத்து மூன்று உறவினர்களுக்கு அனுப்பினீர்கள். அதில் நான் வேட்டியுடன் குளத்தில் விழுவது பற்றி எனக்குப் புகார் ஏதும் இல்லை. விழுந்தேன், அது நடந்த விஷயம். ஆனால் அதன் கீழே ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: "விலாங்கு அத்தானோட சோத்துக்கு வரல, என் தூண்டில்ல இருந்த ரொட்டிக்குத்தான் வந்துச்சு." இந்த ஒரு வரியை அதே குழுவில், அதே அறுபத்து மூன்று பேர் முன்னிலையில், தாங்கள் திரும்பப் பெற வேண்டும். பிறர் கட்டிய சுவர்களில் விரிசல் எதனால் விழுந்தது என்று முப்பது ஆண்டுகளாக அறிக்கை எழுதிச் சம்பளம் வாங்குகிறவன் நான். எது முதலில் நடந்தது, எது பின்னால் நடந்தது என்பதில் எனக்குத் தடுமாற்றம் வருவதில்லை.

தேதியிலிருந்து தொடங்குவோம். அந்த வார இறுதிக்கு இடம் பிடித்தவர் தாங்கள். ஞாயிறு தை அமாவாசை, அப்பாவுக்குப் படைத்துக் காக்கைக்கு வைத்த பிறகே வீட்டில் எவரும் சாப்பிடக்கூடிய நாள் என்று நவம்பரிலேயே எச்சரித்தேன். தாங்கள் சொன்ன பதில் எனக்குச் சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது. "அத்தான், உங்க வீட்டு வேலியில வச்சா என்ன வருது, மைனா. அங்க வந்தீங்கன்னா விதவிதமா வரும். மாமாவுக்கும் ஒரு மாறுதலா இருக்கும்." இந்நகரில் காகம் கிடையாது என்பது உண்மை. அப்பா காலமான இந்த ஆறு ஆண்டுகளும் நான் வைத்ததை மைனாதான் எடுத்தது என்பதும் உண்மை. ஆனால் அதே மைனா பக்கத்து வீட்டுப் பூனைக்கு வைத்ததையும் அதே ஆர்வத்துடன் தின்பதால், அதன் ஏற்பை முழுமையான ஏற்பாகக் கொள்ள என் மனம் ஒப்பியதில்லை. அந்த ஒரு பலவீனத்தைத் தாங்கள் பயன்படுத்திக்கொண்டீர்கள். வந்தேன்.

சனிக்கிழமை அந்தப் புல்வெளியில் நடந்ததைப் பார்த்தவர் எவருக்கும் ஞாயிறு பற்றி ஐயம் எழுந்திருக்க நியாயமில்லை. நீல உடலும் சிவந்த அலகுமாகக் கோழியளவில் திரியும் புக்கேக்கோ ஒன்று தங்கள் மனைவி ரஷ்மியின் கையிலிருந்த சப்பாத்தியைப் பறித்துக்கொண்டு ஓடியது. வாத்துகள் முறுக்கு டப்பாவுக்குள் தலையை விட்டன. எங்கிருந்தோ வந்த காட்டு மயில் தயிர்சாதத்தைத் தின்றுவிட்டு ஊறுகாயை மட்டும் ஒதுக்கி வைத்தது. கூடாரத்தின் கயிற்றைக்கூட ஏதோ ஒன்று சுவைத்துப் பார்த்திருந்தது. இத்தகைய பிராணிகள் வாழும் இடத்தில் ஓர் உருண்டைச் சோறு விலைபோகாது என்று எந்தப் பொறியாளனும் கணித்திருக்க மாட்டான்.

ஞாயிறு காலை மூன்று நிமிடம் மட்டுமே வரும் வெந்நீரில் குளித்து, ஈர வேட்டியுடன் கேஸ் அடுப்பில் சோறு, பருப்பு, வாழைக்காய்க் கறி, வடை எல்லாம் சமைத்து, மவுண்ட் ஆல்பர்ட்டிலிருந்து சுருட்டிக் கொண்டுவந்த வாழையிலையில் எள்ளும் நெய்யும் கலந்த உருண்டையை வைத்து, வேலிக்கம்பத்தின் மேல் நிறுத்தி, "கா, கா" என்று அழைத்தேன். நாற்பது நிமிடம் அழைத்தேன். எதிர்க் கூடாரத்து வெள்ளைக்கார முதியவர் எழுந்து வந்து, தொலைந்துபோன உன் நாய் என்ன நிறம் என்று கேட்டார். கறுப்பு என்றேன், வேறென்ன சொல்ல. அவரும் என்னோடு நின்று "கா, கா" என்று அழைத்தார். அவருடைய உச்சரிப்பு நன்றாகவே இருந்தது. புக்கேக்கோக்கள் பதினான்கு வந்தன. இலையைச் சுற்றி வந்து பார்த்தன. ஒன்று தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது. பிறகு பதினான்கும் தாங்கள் ரொட்டித் துண்டுகளைச் சிந்தியிருந்த இடத்துக்குப் போய், அங்கே மணலையும் சேர்த்துக் கொத்தித் தின்றன.

பக்கத்துக் கூடாரத்தில் இருந்த யாழ்ப்பாணத்துக்காரர் யசீகரன் இதையெல்லாம் தேநீர்க் கோப்பையோடு பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணை, நாங்கள் கடற்கரையில சீகலுக்கு வைக்கிறனாங்கள். அதுகள் எதையும் தின்னும். இஞ்சத்தைய புக்கேக்கோவுக்குக் கொஞ்சம் கெப்பர் கூட" என்றார். கெப்பர் என்றால் அவர்கள் ஊரில் திமிர். மஹதி என் தோளைத் தொட்டு, "அப்பா, மேபி தாத்தா இஸ் நாட் ஹங்ரி" என்றாள். அவள் ஆறுதலாகத்தான் சொன்னாள். அது எனக்கு எங்கே போய்த் தைத்தது என்பது அவளுக்குத் தெரியாது. தங்களுக்கும் தெரியாது, ஆகையால் சொல்கிறேன். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அப்பா மூன்று மாதம் தங்குவதாக இங்கே வந்தார். பதினேழாம் நாளே டிக்கெட்டை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். கிளம்பும் காலையில் நான் தட்டில் வைத்த இட்டிலியைத் தொடவில்லை. "பசிக்கலடா" என்றார். அதற்குப் பிறகு என் கையால் பரிமாறி அவர் சாப்பிடும் வாய்ப்பு அமையவில்லை. அவர் காலமானதிலிருந்து அமாவாசை தோறும் நான் கேட்பது ஒன்றுதான்: இப்போதாவது சாப்பிடுகிறாரா என்பது.

அந்நேரம் பூங்காவைக் கவனிக்கும் ரேஞ்சர் வந்தார். இருபது, இருபத்தொரு வயதுப் பெண்; மஹதியை விட நான்கைந்து வயதுதான் கூட இருக்கும். பறவைகளுக்கு உணவிடக் கூடாது என்ற பலகையைக் காட்டினார். இது உணவிடல் ஆகாது, என் தந்தைக்கு நான் செய்ய வேண்டிய கடமை என்று விளக்கினேன். அந்தப் பெண் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, சற்று நேரம் இலையைப் பார்த்துவிட்டு, தான் இப்போது அடுத்த கோடியிலிருக்கும் கழிப்பறைகளைப் பார்வையிடப் போவதாகவும், திரும்பிவர இருபது நிமிடம் ஆகுமென்றும் சொல்லிவிட்டுப் போனார். நம் குடும்பத்துக்கு வெளியே ஒருவர் காட்டிய இந்தப் பண்பை நம் குடும்பத்துக்குள் நடந்ததோடு ஒப்பிட நான் விரும்பவில்லை. அந்த இருபது நிமிடத்திலும் ஒரு பறவையும் தொடவில்லை என்பது வேறு விஷயம்.

கோயில் குருக்களுக்குத் தொலைபேசி செய்தேன். பசுவுக்கு வைக்கலாம் என்றார். பூங்காவின் எல்லையில், வேறொரு வேலிக்கு அப்பால் பசு நின்றது. அந்த வேலியில் மின்சாரம் ஓடுவதாக எழுதியிருந்த பலகை நான் நின்ற இடத்திலிருந்து தெரியாது. ஈர வேட்டியின் வழியாகத்தான் தெரிந்தது. பசு இலையை மோந்தது, சோற்றை விட்டுவிட்டு என் வேட்டி முனையை மெல்லத் தொடங்கியது. மறுபடி குருக்களை அழைத்தேன். நீர்நிலையில் விட்டு மீன் ஏற்றாலும் பிதுர்கள் ஏற்றதாகவே கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு, தயங்கி, "நீங்கள் முதல்ல ஏதாவது சாப்பிடுங்கோ" என்றார். மணி பதினொன்றரை. பூங்கோதையும் மஹதியும் பச்சைத் தண்ணீரோடு இருந்தார்கள். தாங்கள் மட்டும் காருக்குள் குனிந்து நூடுல்ஸ் சாப்பிட்டதை நான் பார்த்தேன். அதைப் பற்றி இக்கடிதத்தில் எதுவும் சொல்லப்போவதில்லை.

இனித்தான் விஷயம். குளக்கரையில் தாங்கள் தூண்டிலுடன் உட்கார்ந்திருந்தீர்கள். அமாவாசையன்று இது தேவையா என்று கேட்டதற்கு, "புடிச்சுட்டு விட்டுருவேன் அத்தான், சும்மா பொழுதுபோக்கு" என்றீர்கள். நான் தங்களிடமிருந்து பத்தடி தள்ளி, இலையோடு உருண்டையை நீரில் விட்டேன். முழு ஒரு நிமிடம் ஒன்றும் இல்லை. பிறகு நீர் விலகி, முழங்கைப் பருமனில், காகத்தின் கறுப்பில், ஒரு விலாங்கு தலையைத் தூக்கியது. அவசரப்படாமல், பந்தியில் மூத்தவர் கை வைப்பது போல, உருண்டையை வாயில் வாங்கியது. நான் கைகூப்பினேன். என் கண்ணில் நீர் இருந்ததாகக் குழுவில் யாரோ எழுதியிருந்தார்கள். அன்று காற்று பலமாக இருந்தது.

அடுத்த நிமிடம் உங்கள் தூண்டில் வளைந்தது. இழுத்துப் புல்லில் போட்டீர்கள். அதே விலாங்கு. வாயோரத்தில் எள். நான் எண்ணினேன், மூன்று. நீங்கள் சொன்னது: "அத்தான், செம சைஸ். யசீகரன் அண்ணன்கிட்ட குடுத்தா குழம்பு வச்சிருவாரு." அவரோ, "ஐயோ தம்பி, இண்டைக்கு நாங்கள் தொடமாட்டம். நாளைக்கெண்டால் வைக்கலாம்" என்றார். "அவரை விடு" என்றேன். "யாரை?" என்று கேட்டாய். "அவரைத்தான்." "அத்தான், இது விலாங்கு." "தெரியும்டா, அவரை விடு." இருபத்திரண்டு வருஷத்தில நான் உன்னை டா போட்டது அதுதான் முதல் தடவை, அதுக்கு வருத்தப்படவும் மாட்டேன். நீ பிடியை விட, அவர் புல்லுல நெளிஞ்சு கார் நிற்கிற பக்கம் போக, நான் பாய்ஞ்சு ரெண்டு கையாலயும் பிடிக்க, ரஷ்மி போனைக் கீழ வைக்காம எல்லாத்தையும் எடுக்க, அந்த வெள்ளைக்காரத் தாத்தா "கிடைச்சிருச்சா, கிடைச்சிருச்சா" என்று ஓடிவர, அத்தனை பேர்ல புத்தியோடு நடந்தது உன் அக்கா ஒருத்திதான். சமையல் பெட்டியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துவந்து, "ஏங்க, மாமா வழுக்குறாங்க, கெட்டியாப் பிடிங்க" என்று சொல்லி, தூண்டில் நரம்பை வெட்டி முள்ளை உருவினாள். அவரைக் கையில் ஏந்தியபடியே நான் குளத்தில் இறங்கினேன். இறங்கியது ஒரு காலால் மட்டும்; மிச்சம் நீங்கள் அனுப்பிய காணொளியில் இருக்கிறது.

மன்னிக்கவும். நடை சற்றுத் தளர்ந்துவிட்டது.

ஆகவே முடிபு தெளிவு. உருண்டை முதலில், ரொட்டி பிறகு. வாயில் எள் இருந்ததற்கு நான்கு வயதுவந்த சாட்சிகள் உண்டு. பிறகு ஏன் ரொட்டியையும் கடித்தது என்று தாங்கள் கேட்கக்கூடும். என் தந்தை பிறர் வீட்டுக்குப் போனால், வயிறு நிறைந்திருந்தாலும், வைத்ததில் ஒரு வாய் எடுக்காமல் எழுந்ததில்லை. தங்களுக்கு அவர் காட்டிய அந்த மரியாதையைத் தாங்கள் தங்கள் தூண்டிலின் வெற்றியாக அறிவித்துக்கொண்டீர்கள். காணொளியை நான் முழுதாகப் பார்க்கவில்லை. பார்க்கும் தேவையும் இல்லை. நான் அங்கேதான் இருந்தேன். என் அண்ணன் திருச்சியிலிருந்து, "அப்பா இப்பவும் நீ வச்சதைச் சாப்பிடலையா" என்று கேட்டு எழுதியிருக்கிறார். அந்தக் கேள்விக்கு விடை உங்கள் வரி அழிகிற அன்றுதான் கிடைக்கும்.

இம்மாத இறுதிக்குள் எழுத்து மூலம் திருத்தம் வரும் என நம்புகிறேன். அதுவரை தங்கள் வீட்டு விருந்து, பிறந்தநாள், பார்பிக்யூ எதற்கும் நாங்கள் வருவதற்கில்லை. தங்களுக்கும் ரஷ்மிக்கும் என் ஆசிகள் வழக்கமான அளவில் தொடர்கின்றன. மூத்தவன் என்ற முறையில் அவற்றை நிறுத்திவைக்க எனக்கு உரிமையில்லை. நோய் நொடியின்றி, வீட்டுக் கடன் விரைவில் அடைந்து, நீடு வாழ்க.

இங்ஙனம்,
தங்கள் தமக்கையின் கணவன்,
சுந்தரம்

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன், சான்றாக இணைக்கலாம் என்று அந்தக் காணொளியை மஹதியிடம் கேட்டேன். மெதுவாக ஓடவிட்டுக் காட்டினாள். பதினான்காம் வினாடியில் விலாங்கு உருண்டையை வாயில் வாங்குகிறது. பதினாறாம் வினாடியில் துப்பிவிடுகிறது. ஐந்து முறை பார்த்தோம், ஐந்து முறையும் துப்புகிறது. அப்புறம் நேரா உன் தூண்டிலுக்குப் போகுது. "உன் தம்பி அந்த ரொட்டியில என்னதான் வச்சான்" என்று உன் அக்காவைக் கேட்டேன். கண்டென்ஸ்டு மில்க் ஊற்றிப் பிசைந்து உருட்டினாய் என்றாள். வெற்றி, அப்பாவுக்குச் சர்க்கரை. இங்க வந்த பதினாறாம் நாள் மத்தியானம், சமையலறை மூலையில கண்டென்ஸ்டு மில்க் டின்னும் கரண்டியுமா நின்னவரை நான்தான் பிடிச்சேன். டின்னைப் பிடுங்கிக் குப்பையில போட்டு, எழுபத்தெட்டு வயசு மனுஷனை நிக்க வச்சு இருபது நிமிஷம் பாடம் நடத்தினேன். மறுநாள் கிளம்பிட்டார். நீ எழுதினது சரி. அந்த வரியை அழிக்காதே. அண்ணனுக்கு நானே போன் பண்ணிச் சொல்லிக்கிறேன். ஆடி அமாவாசைக்கு அதே குளத்துக்குப் பக்கத்துல இடம் போட்டுடு. குளிரும், பரவாயில்லை. டின் நான் வாங்கிட்டு வர்றேன். நீ தூண்டிலை மட்டும் வீட்டிலயே வச்சுட்டு வா.