இருபத்தாறாம் தேதியை விழுங்கிய இரண்டு புள்ளிகள்

நடுக்கடலில் இருக்கும் சித்தப்பாவுக்கு, கரையிலிருந்து உங்கள் அண்ணன் மகனின் வணக்கம். இங்கு எல்லோரும் சுகம். உங்கள் சுகத்தையும் கப்பல் என்ஜினின் சுகத்தையும் விசாரிக்கச் சொன்னார் அப்பா, விசாரித்தாயிற்று. விஷயத்துக்கு வருகிறேன்.

நான் உருவாக்கிய கணினி மொழியை உலகத்தில் பயன்படுத்துகிறவர் ஒரே ஒருவர், சித்தி. வானிலை நிலையத்தின் மொட்டைமாடியில் மேகங்களைப் பார்த்துக் குறிக்கிறவருக்கு, நீண்ட பட்டியலில் ஒரு பகுதியை மட்டும் வெட்டியெடுக்க வழி வேண்டுமாம். சேர்த்துக் கொடுத்தேன்: தொடக்கம், இரண்டு புள்ளி, முடிவு. தொடக்கம் சேரும், முடிவு சேராது. அப்போதுதான் ஒரு துண்டு முடிகிற இடத்தில் அடுத்தது தொடங்கும். நடுவில் விரிசல் இருக்காது, ஒன்றின்மேல் ஒன்று ஏறாது. அந்த மாடியில் மல்லாந்து படுத்து, மேகத்தோடு மேகம் தையல் தெரியாமல் சேர்வதைப் பார்த்துக்கொண்டே எடுத்த முடிவு, சித்தப்பா. சித்தி 12..26 என்று தட்டி, நீங்கள் வந்திறங்கும் நாள் வரைக்குமான தன் டியூட்டிப் பட்டியலை எடுத்தார். அது இருபத்தைந்தோடு நின்றது. மறுநாள் தனக்கு வேலையில்லை என்று நம்பி, தேவைப்பட்டால் தனக்குப் பதிலாக வருவதாகச் சொன்ன கூட வேலை செய்யும் இருவரையும் அன்றைக்கு லீவு எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். இப்போது இருபத்தாறாம் தேதி முழுக்க அவர் ஒருவருக்குத்தான் டியூட்டி.

"பத்துலேருந்து இருபது வரைக்கும் லீவுன்னா, இருபதாம் தேதி வேலைக்கு வந்து நிப்பியாடா?"

"அது வேற சித்தி. இதுல கடைசி சேராது. விதி."

"ஏழு மாசம் கழிச்சு வர்ற மனுஷன உன் விதியே போய் கூட்டிட்டு வரட்டும்."

சமாதானத்துக்காக, முடிவே எழுதாமல் விடவும் வழி செய்தேன். 12.. என்று தட்டினார். அச்சு இயந்திரம் நிற்கவே இல்லை. மாதங்கள், வருடங்கள், சித்தி ஓய்வுபெறும் நாளையும் தாண்டித் தாள்கள் மெதுவாக மிதந்து தரையை மூடின. ஒரு தாளில், சித்தியின் தொண்ணூறாவது வயதில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை டியூட்டி. அந்தத் தாளைக் குனிந்து எடுத்தவர், "அன்னிக்காவது இவரு வீட்ல இருப்பாராடா?" என்று கேட்டுவிட்டுப் பழைய நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். அதோடு என் மொழிக்கு ஆள் இல்லை.

விதி சரியானது, மாற்ற முடியாது. ஆகவே கப்பலை ஒரு நாள் முன்னால் கொண்டுவந்துவிடுங்கள், அன்றைக்குச் சித்திக்குப் பதிலாக வர அந்த இருவரும் இருப்பார்கள். என்ஜின் உங்கள் கையில்தானே இருக்கிறது? அப்பாவின் ஆசிகளும் அம்மாவின் அன்பும் இத்துடன்.

பி.கு.: கப்பலை விரட்ட வேண்டாம். கடிதத்தை மடித்துவிட்டு மாடிக்குப் போனேன். சித்தி மேகத்தைப் பார்க்கவில்லை. துறைமுகம் தெரிகிறதா என்று குதிகாலைத் தூக்கி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். தெரியாது. இடையில் ஒரு தண்ணீர்த் தொட்டி. கீழே இறங்கி விதியை மாற்றிவிட்டேன். இனி கடைசி நாளும் சேரும். ஆனால் போட்ட டியூட்டி போட்டதுதான் என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். அதனால் இருபத்தாறாம் தேதி மேகம் பார்க்கப்போவது நான். அதற்கு மேலதிகாரியும் சம்மதித்துவிட்டார். எனக்கு இரண்டே வகை மேகம்தான் தெரியும். வரும்போது வேறு எந்த மேகத்தையும் கூட்டிக்கொண்டு வராதீர்கள்.