ஆபீஸ் எனக்குக் கொடுத்த கோச்

கிட்வாய் நகர்,
புது தில்லி.

அன்பு மைத்துனர் சுப்பையாவுக்கு அழகர்சாமி எழுதுவது. இங்கு எனக்கும் உங்கள் அக்கா பாப்பம்மாளுக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. மற்றதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

வரும் சித்திரையில் நான் ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, மதுரையில் உங்கள் வீட்டு மாடிக்குக் குடிவருவதாக இருந்தோம் அல்லவா, அதில்தான் மண் விழுந்துவிட்டது. எங்கள் ஆபீஸில் பெரிய அதிகாரிகளுக்கெல்லாம் எக்ஸிக்யூட்டிவ் கோச் என்று ஆளுக்கொருவரை வைத்திருக்கிறார்கள். எனக்கு வாய்த்தது ஷ்வேதா என்ற தமிழ்ப் பெண். கோச் என்றால் ஏதாவது சொல்லித் தருவாள் என்று பார்த்தால், கேள்வி மட்டும்தான் கேட்பாள். "உங்களுக்கு உண்மையில என்ன வேணும் சார்?" என்பாள். "மேலிடம் என்ன சொல்லுதோ அதுதாம்மா" என்பேன். இப்படியே ஓடிக்கொண்டிருந்தது. போன வாரம் கால் சுளுக்கி நான் லீவு போட்டதும் வீட்டுக்கே வந்துவிட்டாள். காபி கொண்டுவந்த உங்க அக்காவையும் "உட்காருங்க ஆன்ட்டி"ன்னுட்டா. அந்த நேரம் பார்த்து டைரக்டர் போன். நொண்டிக்கிட்டே பால்கனிக்குப் போயிட்டு வந்தா, என் நாற்காலியில உட்கார்ந்து உங்க அக்கா மூக்கைச் சிந்திக்கிட்டிருக்கா. அதே கேள்வியை அந்தப் பொண்ணு அவகிட்டயும் கேட்டிருக்கு. இவ ஒரே மூச்சுல பதில் சொல்லிட்டா. மதுரைக்கு வரமாட்டாளாம். இங்கேயே தில்லியில, முனிர்காவுல வாடகைக்கு வீடு பிடிச்சு, இட்லி மாவு அரைச்சு ஐ.என்.ஏ. மார்க்கெட் கடைக்குப் போடணுமாம். கடைக்கார பையாகிட்ட, அதான் நம்மூர் அண்ணாச்சி மாதிரி, பேசியும் வெச்சிருக்கா! "இத்தனை வருஷமா சரி சரின்னு சொன்னியேடி"ன்னேன். "நீங்க எங்க கேட்டீங்க? போறோம்னு சொன்னீங்க, சரின்னேன்"ங்கிறா.

வயித்தெரிச்சலா இருக்கு மாப்ளே. ஆபீஸ் எனக்குக் கொடுத்த கோச், இப்பல்லாம் வந்தா நேரா அடுப்படிக்குப் போறா. நீங்க கூடப்பிறந்தவர், உங்க பேச்சைக் கேப்பா. ஒரு அதட்டுப் போட்டு ஊருக்குக் கிளப்பிவிடணும்.

தங்கச்சி இளவரசியை விசாரித்ததாகச் சொல்லவும். பிள்ளைகளுக்கு என் ஆசி.

இப்படிக்கு,
அழகர்சாமி

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது உங்க அக்கா பக்கத்துல வந்து உட்கார்ந்து, "மதுரைக்குப் போய் என்ன செய்யணும்னு உங்களுக்கு ஆசை?"ன்னு கேட்டா. ரொம்ப நேரம் யோசிச்சேன். ஒண்ணும் தோணலை, வெட்கமாப் போச்சு. ரிட்டயர் ஆனவங்க எல்லாரும் ஊருக்குப் போனாங்க, நானும் கிளம்பினேன், அவ்வளவுதான். அவளை அதட்ட வேண்டாம். மாடியை வேற யாருக்காவது விட்டுடுங்க.