அதிர்வு ஐயாவின் வேக வளையம்

வளையம் வாங்க நின்ற வரிசை ரொட்டிக்கடை வாசலில் தொடங்கி, தெருவைச் சுற்றி, மறுபடியும் ரொட்டிக்கடை வாசலிலேயே வந்து முடிந்தது. அதில் ரொட்டி வாங்க வந்தவர்கள் இரண்டே பேர். மற்றவர்கள் ஆளுக்கொரு வண்டியோடு நின்றார்கள். ஒருவர் சக்கர நாற்காலி, ஒருவர் பழைய குழந்தை வண்டி, தையல்காரர் கதவைக் கழற்றிய அலமாரி. எல்லாவற்றின் வாலிலும் ஒரு பாட்டரி டிரில். சுவரில் துளை போடப் பிறந்த அந்தக் கருவியால் சக்கரத்தைச் சுழற்றிப் பந்தயம் விடுவதென்று தெருவே முடிவு செய்திருந்தது. வேலையற்ற வேலைதான், ஆனாலும் சந்தோஷமான வேலை.

பந்தயக் குழுவின் தலைவர் ரொட்டிக்கடைக்காரர். யோசனையும் அவருடையது, விதிகளும் அவருடையவை. டிரில்லின் முதுகில் ஒன்று, இரண்டு என்று ஒரு வேகப் பொத்தான் இருக்கும். ஒத்திகையில் அது ஒன்றில்தான் இருக்க வேண்டும். பிரேக் சோதனையில் தேறாத வண்டி ஓடவே கூடாது. ஏனென்றால் தெரு சரிவாக இறங்கிப் போய் நிற்கிற இடத்தில் கண்ணாடிக்கடை இருக்கிறது.

நல்ல விதிகள்தான். அதிர்வு ஐயா வரும்வரை உயிரோடும் இருந்தன.

ஐயா எங்கிருந்து வந்தார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் அதிர்வு கலைந்துவிடுமாம். ஒரு செம்பு வளையத்தை டிரில்லில் மாட்டுவார். இரண்டு உள்ளங்கையாலும் அதைப் பொத்திக்கொண்டு, கண்ணை மூடி "ம்ம்ம்" என்பார். பிறகு கறுப்புத் துணியால் சுற்றிக் கட்டிவிடுவார். அதுவரை நத்தையாக ஊர்ந்த வண்டி அப்புறம் நாய் துரத்தின மாதிரி ஓடும். வளையத்தின் விலைக்கு ரெண்டு பாட்டரி வாங்கலாம். அதனால் என்ன, பாட்டரியில் அதிர்வு உண்டா?

"துணியைப் பிரிச்சிடாதீங்க, வேகம் ஆவியாயிடும்" என்பது ஐயாவின் கட்டளை. திட்டக் கூட்டத்தில் இன்னொன்றும் சொன்னார். "பிரேக்குங்கிறது பயத்தோட பிள்ளை. அது இருக்கிற வண்டியில அதிர்வு தங்காது. நிக்க வேண்டிய இடத்துல வளையமே நிறுத்தும்."

கூட்டம் கைதட்டியது, கையும் தூக்கியது. பிரேக் சோதனை ரத்தானது. கண்ணாடிக்கடைக்காரர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ரொட்டிக்கடைக்காரர் வீட்டுக்கு வந்த கையோடு தன் வண்டியின் பிரேக்கைக் கழற்றி மூலையில் போட்டார். அவருடைய வண்டி ஒரு பழைய குளியல் தொட்டி. அவர் உட்கார்ந்தால் டிரில் முனகும், கருகல் வாடை அடிக்கும். அவர் உடம்பு அப்படி. அதனால் ஓட்டப்போவது அவர் மனைவி. ஒல்லியானவள், பல் டாக்டர், வாய்க்குள்ளே டிரில் விட்டுச் சம்பாதிக்கிறவள்.

"தொட்டியில உக்காரப் போறது யாருங்க?" என்றாள்.

"நீதான்."

"பிரேக் வேணாம்னு கை தூக்கினது?"

அவர் ரொட்டித் தட்டுகளை அடுக்கத் தொடங்கினார். "நீயே ஓட்டிப் பாத்தியே, வளையம் மாட்டினதும் எப்படிப் பறந்துச்சு!"

"பாத்தேன். மாவு மூட்டையில போய் முட்டுற வரைக்கும் பாத்தேன். அவர் கையைப் பொத்தும்போது உள்ள 'டிக்'னு ஒரு சத்தம் கேட்டுச்சு. அதென்ன?"

"அதிர்வு ஏறுற சத்தமா இருக்கும்."

"நாள் முழுக்க டிரில்லோட குடித்தனம் பண்றவ நான். அதிர்வு டிக்னு ஏறாதுங்க."

மறுநாள் காலையில் கறுப்புத் துணி பிரிந்து மேசைமேல் கிடந்தது. பக்கத்தில் வளையம். "ஐயையோ, வேகம் ஆவியாயிருக்குமே!" என்று ரொட்டிக்கடைக்காரர் துணியை வாரி எடுத்தார்.

"தப்புதான்" என்றாள் அவள் பணிவாக. "இன்னிக்கு ஒத்திகையில எல்லார் முன்னாடியும் ஐயாவே திரும்பப் போட்டுவிடட்டும்."

மனைவி திருந்திவிட்டாள் என்று அவருக்குப் பூரிப்பு. அவள் ஆஸ்பத்திரிக் கிண்ணத்தோடு தொட்டியின் பின்னால் குனிந்து எதையோ பூசிக்கொண்டிருந்ததைக்கூடப் பெரிதாக நினைக்கவில்லை.

ஒத்திகைக்குக் கூட்டம் தெருவை அடைத்தது. ஐயா வளையத்தை மாட்டினார், பொத்தினார், "ம்ம்ம்" என்றார். அன்றைக்கு அந்த "ம்ம்ம்" முடிகிற வழியாக இல்லை. நெற்றி வியர்த்தது. பொத்திய கை மறுபடி மறுபடி அழுத்தியது.

"இன்னிக்கு அதிர்வு ஜாஸ்தி" என்று தையல்காரர் பக்தியோடு கிசுகிசுத்தார்.

ஒருவழியாகத் துணியைச் சுற்றினார். அவள் தொட்டியில் உட்கார்ந்து, டிரில்லை ஓடவைக்கும் விசைக் கயிற்றை இழுத்தாள். தொட்டி ஊர்ந்தது. குறுக்கே வந்த பூனை ஒன்று நின்று, அதைப் பார்த்துவிட்டு, அவசரமில்லாமல் தெருவைக் கடந்தது.

"சந்தேகப் பேர்வழி உக்காந்தா அதிர்வு எப்படி வேலை செய்யும்?" என்று ஐயா சீறினார். கூட்டம் தலையாட்டியது. ரொட்டிக்கடைக்காரரும் ஆட்டினார்.

"அதுவும் சரிதான். நீங்களே உக்காருங்கய்யா. உங்களுக்குச் சந்தேகம் இருக்காதே" என்று அவள் இறங்கினாள்.

இத்தனை பேர் பார்க்கும்போது மாட்டேன் என்று சொல்ல முடியுமா? உட்கார்ந்தார். இழுத்தார். அதே ஊர்தல்தான்.

அவள் வண்டியை நிறுத்தச் சொல்லித் துணியைப் பிரித்தாள். வளையத்தைக் கழற்றிக் கணவர் கையில் வைத்தாள். பொத்தானைச் சுற்றி வெள்ளையாக ஏதோ இறுகியிருந்தது. "பல்லை அடைக்கிற சிமென்ட்" என்று சொல்லிக்கொண்டே பல் சுரண்டுகிற கம்பியால் அதைப் பெயர்த்தாள். பொத்தானை ஒன்றிலிருந்து இரண்டுக்குத் தள்ளினாள்.

டிக்.

"எல்லாரும் ஒன்னுலதான் வைக்கணும்னு விதி போட்டது என் வீட்டுக்காரர். போட்டுட்டு அவரே மறந்துட்டாரு. ஐயா மறக்கல. பொத்துற சாக்குல கட்டைவிரலால தள்ளிவிடுவாரு. இன்னிக்கு நகரல. இவ்வளவுதாங்க அதிர்வு."

ஐயா அவசரமாக எழுந்தார். சரிவில் தொட்டி ஆடியது. விழாமலிருக்கக் கைக்குக் கிடைத்த கயிற்றைப் பிடித்தார். அதுதான் விசைக் கயிறு.

வளையம் இல்லாமல், துணி இல்லாமல், "ம்ம்ம்" இல்லாமல் தொட்டி பறந்தது. நேராகக் கண்ணாடிக்கடையை நோக்கி.

"பிரேக்!" என்று அலறினார் ஐயா. "பிரேக் எங்கே? ஐயோ, பிரேக்கு!"

"கயித்தை விடுங்க! பயத்தோட பிள்ளை உங்க காலுக்குக் கீழதான் இருக்கு, மிதிங்க!" என்று கத்திக்கொண்டே அவள் பின்னால் ஓடினாள்.

கயிற்றை விட்டார். மிதித்தார். காலையில் அவள் திரும்ப மாட்டிய பிரேக் கிறீச்சிட்டது. கண்ணாடிக்கு ஒரு முழம் முன்னால் தொட்டி நின்றது. தன் வெளிறிய முகத்தைக் கண்ணாடியில் பார்த்த ஐயா குதித்து இறங்கி ஓடப் பார்த்தார். கண்ணாடிக்கடைக்காரர் அப்போதுதான் கட்டியிருந்த கையை அவிழ்த்து அவர் சட்டையைப் பிடித்தார். வாங்கியதை எல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் ஐயா தெருவை விட்டுப் போனார்.

ரொட்டிக்கடைக்காரர் வளையத்தைப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே நின்றார். அந்தத் தொட்டியில் அவள் உட்கார்ந்திருந்தால்? அவருக்கு அழுகை வந்துவிட்டது. "மறுபடியும் பிரேக் சோதனை. முதல்ல என் வண்டி" என்றார்.

எல்லாம் சுபம் என்று முடித்துவிடலாம். ஆனால் தையல்காரர் மெல்ல டாக்டரம்மா பக்கத்தில் வந்தார்.

"அம்மா, ஐயாவோட சக்தியையே கட்டிப் போட்டுச்சே, அந்த வெள்ளைச் சிமென்ட். அதுல கொஞ்சம் என் வண்டியிலயும் பூசிவிடுங்களேன். விலை என்னன்னு சொல்லுங்க."

பின்னால் இன்னும் நாலு பேர் வரிசையாக நிற்கத் தொடங்கினார்கள்.

அவள் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தாள். "டிரில்லுக்குப் பொத்தான் முதுகுல இருக்கு. நமக்குக் கழுத்துக்கு மேல இருக்கு. அதை நீங்களேதான் தள்ளணும். வேற ஆளு தள்ளிவிடட்டும்னு தலையைக் குடுத்தீங்கன்னா, அவன் கையை வைக்கிறது உங்க பாக்கெட்லதான்."