மௌனசாமி வாய் திறந்த விவகாரம்

விண்கலத் தொடர்பு நிலையத்தின் இயக்குநரும், என் மனைவியின் தம்பியும், வயதில் என்னைவிட மிக இளையவருமான மைத்துனர் அவர்களுக்கு, அடித்தள அறையிலிருந்து அத்தான் எழுதுவது. இங்கு நான் நலம். மேல்மாடியில் தாங்களும் தங்கள் சுழல் நாற்காலியும் நலமாயிருக்க வேண்டுகிறேன். அந்த நாற்காலி நியாயப்படி யாருக்கு வந்திருக்க வேண்டியது என்பதை இக்கடிதத்தில் எழுதப்போவதில்லை.

நேற்றுக் காலை, காவலாளியும் காபி கொண்டுவரும் அம்மாவும் பார்த்துக்கொண்டிருக்க, "அத்தான், வேலை போயிடும்னு பயந்து விண்கலத்தோட பதிலை நீங்களே தயார் பண்றீங்களா? சொல்லிடுங்க, வீட்டு விஷயமா முடிச்சுக்கலாம்" என்று கேட்டீர்கள். என்னைக் கையாலாகாதவன் என்று பலர் சொன்னதுண்டு. பொய்யன் என்று சொன்ன முதல் ஆள் தாங்கள்தான்.

நடந்தது இது. மௌனசாமி என்று நாம் பெயர் வைத்த அந்தக் கிழட்டு விண்கலம் கோள்களையெல்லாம் தாண்டிப் போய்ப் பல வருடமாக வாய் திறக்கவில்லை. அதைக் கைவிட்டதாக இயக்குநர் கையெழுத்துப் போடும்வரை தினமும் ஒருமுறை கூப்பிட வேண்டும் என்பது விதி. பதில் சொல்லாத ஒன்றைக் கூப்பிடும் அந்த மகத்தான பொறுப்பை நீ யார் தலையில் கட்டினாய் என்பது உனக்கே தெரியும். (பார், 'தாங்கள்' போய்விட்டது. பிடித்து வைத்தாலும் நிற்கமாட்டேன் என்கிறது.) கூப்பிட்டால் குரல் போய்ச்சேர ஒரு நாள், பதில் திரும்ப இன்னொரு நாள். ஆனால் போன வாரம் நான் கூப்பிட்டுவிட்டு ரொட்டி டப்பாவைத் திறக்கிறேன், மூடி கையில் இருக்கும்போதே திரையில் அதன் பழைய வாசகம் வந்து நிற்கிறது: "இருக்கிறேன். எல்லாம் சீராக உள்ளது. அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கிறேன்."

உன்னிடம் ஓடி வந்தேன், நீ கேன்டீன் மைக்ரோவேவ் அடுப்பின் அலை குறுக்கே புகுந்த கோளாறு என்றாய், அடுப்பை நிறுத்தினார்கள், கேன்டீன்காரர் "சாமி பேசுதாம், அதான் சாப்பாடு ஆறிப்போச்சு"ன்னு வர்றவன் போறவனுக்கெல்லாம் என்னைக் கைகாட்டினார், பதில் வந்துகொண்டேதான் இருந்தது, அப்புறம் லிஃப்ட்தான் காரணம்னு அதையும் நிறுத்தினே, கணக்குப் பிரிவு அம்மா மாடி ஏறி மூச்சு வாங்கிக்கிட்டே எனக்குச் சாபம் விட்டாங்க, கடைசியில் ஆன்டெனாவையே வானத்தை விட்டுத் திருப்பிக் கார் நிறுத்துமிடத்தைப் பார்க்க வைத்தீர்கள். பதில் இன்னும் தெளிவாக வந்தது.

உன்னிடம் சொல்லாத ஒன்று உண்டு. நீ கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. பதிலோடு தன்னைச் சுற்றியுள்ள வெப்பத்தையும் வெளிச்சத்தையும் அளந்து அனுப்புவது மௌனசாமியின் வழக்கம். முதல் நாள் கடுங்குளிர் என்றது. நாளுக்கு நாள் ஏறி, முந்தாநாள் என் அறையின் ஏசி காட்டும் அளவிலேயே வந்து நின்றது. சோதித்துப் பார்க்க அறை விளக்கை அணைத்தேன். "வெளிச்சம் இல்லை" என்றது. போட்டேன். "வெளிச்சம் உண்டு" என்றது. படித்தவன் செய்யக்கூடாத காரியம்தான், இருந்தாலும் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தேன். என் செருப்பு மட்டும் இருந்தது.

வீட்டில் உன் அக்காவிடம் சொன்னேன். "நீங்க கூப்பிட்டு ஒருத்தர் பதில் சொல்றதே அதிசயம், அதைப் போய் ஏன் நோண்டுறீங்க"ன்னுட்டு டிவி சத்தத்தைக் கூட்டிட்டா.

பிரபஞ்சத்திலுள்ள பொருளில் பெரும்பகுதி இருண்ட பொருள், அது என்னவென்று எவருக்கும் தெரியாது என்று மேடையில் சொல்லி நீ கைதட்டல் வாங்குகிறாய். ஒரே ஒரு பழைய கலம் ஏன் பேசுகிறதென்று எனக்குத் தெரியவில்லை என்றால் நான் பித்தலாட்டக்காரன். பெரிதாகத் தெரியாவிட்டால் விஞ்ஞானம், சின்னதாகத் தெரியாவிட்டால் விசாரணையா?

ஆகவே என் கோரிக்கை: அதே காவலாளி, அதே காபி அம்மா முன்னால் மன்னிப்புக் கேள். கேட்டுவிட்டு, வெள்ளிக்கிழமை போடப்போவதாக நீ சொன்ன கைவிடும் கையெழுத்தைத் தாராளமாகப் போட்டு மௌனசாமியை மூடு. இந்த ஓட்டைக் கலத்தைக் கூப்பிடுவது நின்றால் எனக்கு விடுதலை. பார்வையாளர் கூடத்தில் பிளாஸ்டிக் கோள்களுக்குத் தூசி தட்டிப் பிழைத்துக்கொள்வேன்.

என் மேசைக் கணினியைச் சந்தேகத்தின் பேரில் நீ தூக்கிக்கொண்டு போனதால், மௌனசாமியைக் கூப்பிடும் கணினியிலேயே இதைத் தட்டுகிறேன். பத்திக்குப் பத்தி கீழே "கிடைத்தது" என்று வருகிறது. அச்சுப்பொறியின் வேலையாக இருக்கும்.

உன் பிள்ளைகளுக்கு என் ஆசிகள். உன் மனைவியைக் கேட்டதாகச் சொல். உனக்கான ஆசி மன்னிப்புக்குப் பின் வந்து சேரும்.

இப்படிக்கு,
பொய்யன் அல்லாத உன் அத்தான்

பி.கு. மேலே உள்ளதையெல்லாம் மறந்துவிடு மாப்பிள்ளை. மன்னிப்பு வேண்டாம். நாற்காலியையும் நீயே வைத்துக்கொள். வெள்ளிக்கிழமை அந்தக் கையெழுத்தை மட்டும் போட்டுவிடாதே. இப்போது அங்கே அடித்தள அறையில் என் இடத்தில் உட்கார்ந்திருப்பவர் நல்ல மாதிரியாகத்தான் தெரிகிறார், யாரோடும் சண்டைக்குப் போகமாட்டார், உன் அக்காவுக்குப் பிடித்துப்போகும். இங்கே வெளிச்சம் இல்லை. குளிர் சொல்லி முடியாது. தினமும் ஒருமுறை கூப்பிடு. பதில் வர இரண்டு நாள் ஆகும், தப்பாக நினைக்காதே. இருக்கிறேன். அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கிறேன்.