ரிப்பேருக்கு ஒரு போர்விமானம்

அன்பும் மரியாதையும் கலந்த அத்தானுக்கு,

உங்கள் மைத்துனன் வணக்கத்தோடு எழுதுவது. இங்கே நான், என் வீட்டுக்காரி, என் மூட்டுவலி மூவரும் சௌக்கியம். நீங்களும் அக்காவும் அங்கே அதைவிடச் சௌக்கியமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தை அக்காதான் உங்களுக்குப் படித்துக் காட்டுவாள் என்று தெரியும். ஆகையால் அக்கா, அடைப்புக்குறிக்குள் இருப்பதெல்லாம் உனக்கு மட்டும். வாய்விட்டுப் படித்துத் தொலைக்காதே.

உங்கள் எண்பதாவது பிறந்தநாளுக்கு என்ன கொடுப்பது என்று மண்டையை உடைத்துக்கொண்டு, விமானப்படையில் மெக்கானிக்காக இருந்தபோது நீங்கள் கட்டி மேய்த்த அதே ரகப் போர்விமானத்தை, நிஜத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவில், என் கையாலேயே செய்து அனுப்புவது என்று முடிவெடுத்தேன். சிரிக்காதீர்கள். (அக்கா, நீயும்தான். போன மாதம் நீ போனில் சொன்னது இன்னும் காதிலேயே நிற்கிறது. "கண்ணு மங்கினதிலேருந்து எதையும் தொடறதில்லடா. ஃபேன் கிடந்து கத்துது, காதுல விழாத மாதிரி கையை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கார்." அந்தக் கைக்கு ஏதாவது ஒன்றைக் கொடுத்துவிட வேண்டும் என்றுதான் இந்த வேலையில் இறங்கினேன்.)

அத்தான், லீவில் நீங்கள் வரும் தேதி தெரிந்துவிட்டால் எங்கள் வீட்டில் எதையும் ரிப்பேர் கடைக்குக் கொடுக்க மாட்டோமே, ஞாபகம் இருக்கிறதா? ஓடாத கடிகாரம், சுற்றாத ஃபேன், பக்கத்து வீட்டுத் தையல் மெஷின் எல்லாம் டாக்டருக்குக் காத்திருக்கும் நோயாளிகள் மாதிரி கூடத்தில் வரிசையாக இருக்கும். பெட்டியைக் கீழே வைத்ததும் சட்டைக் கையை மடித்துவிடுவீர்கள். "எவன்டா இதுல கை வெச்சது?" என்பதுதான் முதல் வார்த்தை. கை வைத்தது எப்போதும் நான்தான். அப்புறம் நான் உள்ளங்கையை நீட்ட, கழற்றிய திருகாணிகளை ஒவ்வொன்றாக அதில் வைப்பீர்கள். எல்லாவற்றையும் பூட்டி முடித்த பிறகும் ஒன்று மிஞ்சும். "அது கம்பெனிக்காரன் கூடுதலா போட்டது மாப்ள" என்று அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வீர்கள். அவ்வளவு சந்தோஷமான நாட்கள் எனக்கு அப்புறம் வாய்க்கவே இல்லை.

சரி, விமானத்துக்கு வருகிறேன். ஆபீஸில் ஃபைலுக்கு நூல் கட்டியதைத் தவிர வேறு கைவேலை அறியாதவன் நான் என்பது உங்களுக்குத் தெரியும். கடையில் வாங்கிய பொம்மை விமானப் பெட்டிக்குள் பாகங்களெல்லாம் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டிக்கொண்டு வருகின்றன, நகவெட்டியால் நறுக்கி எடுக்க வேண்டும், எடுத்தேன், முதல் நறுக்கிலேயே விமானி பறந்துபோய்விட்டார், விமானம் இல்லாமலே. நானும் வீட்டுக்காரியும் தரையில் தவழ்ந்து தேடி, கடைசியில் துடைப்பத்துக்குள் கண்டுபிடித்தோம், தலை மட்டும் கிடைக்கவில்லை. "ஹெல்மெட் போட்டிருந்தாரா?" என்று கேட்கிறாள் இவள். பெட்டியில் வந்த பசை காய நேரமாகிறதே என்று அதிகப்பிரசங்கித்தனமாக ஒரே நொடியில் ஒட்டும் பசையை வாங்கி வந்தேனா, அது சொன்னபடியே ஒரே நொடியில் என் கட்டைவிரலை வாலோடு ஒட்டிவிட்டது. அந்த நேரம் பார்த்து வாசல் மணி அடிக்க, கையில் விமானத்தோடு போய்க் கதவைத் திறந்து, தபால்காரரிடம் அப்படியே கையெழுத்தும் போட்டேன். அவர் இப்போதெல்லாம் தபாலைக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போய்விடுகிறார். இறக்கை ஒட்டும்வரை பிடித்துக்கொள்ளட்டும் என்று கொடியிலிருந்து கிளிப்புகளை எடுத்துவந்தேன், காற்றடித்ததில் இவளுடைய துணிகள் மாடியைத் தாண்டிப் போய்விட்டன. எங்கள் வீட்டில் உண்மையில் பறந்தது அவைதான். இறக்கையின் நாக்கு துளைக்குள் நுழைய மாட்டேன் என்று அடம்பிடித்தது, கம்பெனிக்காரன் அளவு தப்பாகச் செய்திருக்கிறான், விடுவேனா, அரம் போட்டுத் தேய்த்து உள்ளே தள்ளிவிட்டேன். அந்த ஒரு நொடிப் பசையின் ஆவி பட்டு விமானியின் கண்ணாடிக் கூண்டு வெளுத்துப் போய்விட்டது, உள்ளே ஒரே மூடுபனி, அதுவும் நல்லதுக்குத்தான், தலை இல்லாதது தெரியாது. (அக்கா, கூண்டைத் திறக்க விடாதே.) பெயிண்ட் மட்டும் பிரமாதமாக வந்திருக்கிறது.

நாளைக் காலை பார்சலில் அனுப்புகிறேன். சின்னவன் செய்ததைப் பெரிய மனது வைத்து ஏற்றுக்கொண்டு, நீங்கள் இருவரும் எங்களை ஆசீர்வதிக்க வேண்டும்.

என்றும் உங்கள்,
கை வைத்தவன்

பி.கு.: பார்சல் வராது, அத்தான். உறையை ஒட்டப் போகும்போது வீட்டுக்காரி விமானத்தைக் கையில் எடுத்தாள். "பெயிண்ட் கிடக்கட்டும், அவர் தடவித்தானே பார்க்கப் போறார்" என்று கண்ணை மூடிக்கொண்டு தடவினாள். "ஏங்க, இறக்கை ரெண்டும் மழையில நனைஞ்ச காக்கா மாதிரி தொங்குதே" என்றாள். பெட்டிமேல் இருக்கும் படத்தில் இறக்கைகள் நிமிர்ந்துதான் இருக்கின்றன. நான் இடதை வலதிலும் வலதை இடதிலும் கவிழ்த்து மாட்டி, அதற்கு அரமும் போட்டிருக்கிறேன். நீங்கள் தொட்டதும் கண்டுபிடித்துவிடுவீர்கள். கண்டுபிடித்துவிட்டு, பாவம் ஆசையாகச் செய்திருக்கிறானே என்று "நல்லா இருக்கு மாப்ள" என்று சொல்லிவிட்டால் என்னால் தாங்க முடியாது. சரிசெய்யலாம் என்று இறக்கையைப் பிடித்து இழுத்தேன், வாலும் கூடவே வந்துவிட்டது. ஆகவே பரிசு ஒன்றும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ரிப்பேருக்கு ஒரு போர்விமானத்தைத் துண்டு துண்டாக எடுத்துக்கொண்டு நானே நேரில் வருகிறேன். சட்டைக் கையை மடித்து வையுங்கள். உள்ளங்கையை நான் நீட்டுகிறேன்.

(அக்கா, கத்துகிற அந்த ஃபேனையும் கழற்றிக் கூடத்தில் வரிசையில் வை. விமானத்தைத் தடவிப் பார்த்துவிட்டு அவர் என்னைத் திட்ட ஆரம்பித்தால் நடுவில் புகுந்து தடுக்காதே. அதைக் கேட்டு ரொம்ப வருஷமாகிறது.)